சவிரி அண்ணனும் பன்னிரண்டாவது கதிரையும்

சவிரி அண்ணன் போய்விட்டார்.

இன்று விடிய, ஆஸ்பத்திரியில்... நெஞ்சு நோ என்று கொண்டுபோனார்களாம், வாட்டுக்கு ஏற்றுவதற்கு முதலே முடிந்துவிட்டது.

ஐஸ் கொம்பனியில் எங்களோடு வேலை செய்த பழைய ஆட்கள் எங்கெங்கோ இருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் இதைப் போடுகிறேன். ஓ.எல். சோதனையில் கணக்கில் விழுந்தவன் நான், தமிழிலும் பெரிதாக எழும்பவில்லை. பிழை இருந்தால் மகளைக் கேளுங்கள், அவள்தான் பார்த்துத் தந்தாள்.

வாவிக் கரையில் இருந்த அந்தக் கொம்பனியில் நான் மெஷின் பக்கம், அவர் கட்டி தூக்கும் பக்கம். ஏறாவூர் மீன் லொறி வந்து நின்றால், மற்றவர்கள் இரண்டு பேராய்ப் பிடிக்கும் ஐஸ் கட்டியை அவர் தனியே தோளில் ஏற்றுவார். கை கொடுக்கப் போனால் ஏச்சுத்தான்.

"அங்கால நில்லு மனே. நீ பிடிச்சா எனக்குப் பாரம் கூடும்."

கோயில் திருநாளில் அந்தோனியார் சுரூபம் வைத்த கூட்டைத் தூக்கும்போதும் முன் வலது பக்கம் அவருடைய தோள். பாதர்மார் மாறினார்கள், அது மாறவில்லை.

பிறகு சீனி வருத்தம். காலில் ஒரு சின்னப் புண்... அதைக் கவனியாமல் விட்டு, வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

அதோடு கோயிலுக்கு வருவதை நிறுத்தினார். யாரோ ஒரு வீல்செயார் கொடுத்தார்கள், அதில் அவருடைய மனுசி றீற்றா அக்கா உடுப்புக் காயப்போட்டா. கிணற்றடிக்குத் தவழ்ந்து போவார், அக்காவைத் தொட விடமாட்டார்.

"படுக்கிறாரில்ல தம்பி," என்று ஒரு நாள் படலையடியில் வைத்துச் சொன்னா. "இல்லாத கால் நோகுதாம். கதிரையில இருந்து ஆண்டவர ஏசி ஏசியே விடிய வைக்கிறார். நிம்மதியா ஒரு நித்திரை கொண்டாப் போதும் எனக்கு."

இந்த வருடம் பெரிய வியாழன் வந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்... அன்று மாலைப் பூசையில் பன்னிரண்டு பேரை வரிசையாக இருத்தி, பாதர் கால் கழுவுவார். இயேசு சீடர்களுக்குச் செய்தது போல. ஆளுக்கு ஒரு கால், வலது கால்.

பாதருக்கு ஊத்தைக் காலைக் கொடுப்பதா என்று, நாங்கள் எல்லோரும் அதை வீட்டிலேயே கழுவிக்கொண்டுதான் போவோம். நான் தும்பால் உரஞ்சுவதைப் பார்த்துவிட்டு மகள், "அப்பா, பாதருக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்க" என்றாள்.

கடைசிக் கதிரைக்கு மட்டும் ஆள் கிடைக்காது. அது யூதாஸின் கதிரை என்று பொடியன்கள் பகிடி பண்ணுவார்கள். போன முறை அதில் இருந்தவன் கட்டாருக்குப் போய்விட்டான், ஆள் பிடிக்கும் வேலை என் தலையில். கேட்ட எல்லோருக்கும் திடீரென்று முழங்கால் வலி.

கடைசியில் சவிரி அண்ணனிடம் போய்க் கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் எந்தக் கால் என்பது உறைத்தது. எனக்கு மூளை எப்போதும் வாய்க்குப் பின்னால்தான் வரும்.

"அங்க வலது கால்தானே மனே நீட்டுறது?"

"ஓம் அண்ணன்..."

"எந்தக் கதிரை?"

"யூதாஸ்ட."

சிரித்தார். "நான் ஆண்டவர ஏசுற ஏச்சுக்கு அதுதான் சரி. வாறன். ஆனா ஒருத்தனும் என்னத் தூக்கப்படாது."

ஊன்றுகோலில் வந்தார். கோயில் வாசற்படியில் நின்றுவிட்டார்.

ஏறப் பார்த்தார், கோல் சறுக்கியது. திரும்பவும் பார்த்தார்... சனம் முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது. அந்தோனியார் கூட்டைச் சுமந்துகொண்டு அவர் ஏறி இறங்கிய படி அது. சேட்டெல்லாம் வேர்வை.

நாங்கள் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம். சொல்லை மீறப் பயம்.

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, கோல் இரண்டையும் என்னிடம் தந்தார்.

"தூக்குங்கடா," என்றார், மெதுவாக. "எனக்கு ஏலா."

தூக்கினோம். ஐஸ் கட்டி அளவுகூடப் பாரமில்லை.

பாதர் கடைசிக் கதிரைக்கு வந்து, குனிந்து அவருடைய இடது காலைத் தேடினார். சவிரி அண்ணன் சாரத்தை உயர்த்தி, வெட்டின காலை நீட்டினார்.

"இதக் கழுவுங்க பாதர். மற்றத வீட்டில கழுவிட்டன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. பாதர் அதை ஒரு கையில் ஏந்தித் தண்ணீர் ஊற்றினார், துடைத்தார், முத்தமிட்டார். மற்றப் பதினொரு பேரும் எங்கள் சுத்தமான கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நன்மை அப்பம் எடுத்த பிறகு அவர் தலை என் தோளில் சாய்ந்தது. நித்திரை. பூசை முடிந்து சனம் போயும் எழும்பவில்லை. றீற்றா அக்கா எழுப்ப விடவில்லை, வீட்டுக்குப் போய் வீல்செயாரை எடுத்து வந்து பக்கத்தில் இருந்தா. எனக்குத் தோள் மரத்துப்போனது, இம்மியும் அரக்கவில்லை.

வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது கேட்டேன், "இப்ப அந்தக் கால் நோகல்லயா அண்ணன்?"

"நோகுது மனே... அத ஆண்டவர் பிடிச்சிட்டிருக்கார். நான் விட்டுட்டன்."

அதன்பிறகு ஞாயிறு தவறாமல் வீல்செயாரில் வந்தார். அக்கா குளிப்பாட்டி, தலை சீவிக் கொண்டுவருவா. இரவில் குறட்டை தாங்க முடியவில்லை என்று போன கிழமைதான் அக்கா என்னிடம் முறைப்பாடு சொன்னா.

இன்று உடுப்பாட்டுவதற்கு வெள்ளைச் சொக்ஸ் வாங்கிவரச் சொன்னார்கள். கடையில் சோடியாகத்தான் தருவார்கள். ஒன்றை நானே அவர் காலில் போட்டுவிட்டேன். மற்றது இன்னும் என் சேட்டுப் பையில் இருக்கிறது... என்ன செய்வதென்று தெரியவில்லை.

நாளைப் பின்னேரம் அடக்கம். பெட்டி தூக்கத் தோள் வேண்டும், பழைய கொம்பனி ஆட்கள் வாருங்கள். முன் வலது பக்கம் நான் நிற்கிறேன்.

நித்திரை கொள்ளுங்க அண்ணன். நாங்க பிடிச்சிட்டிருக்கம்.