உயிரின் வாய்

டூரினில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஆறு குடும்பங்களுக்கு ஒரே நீளமான பால்கனி; அதன் கோடியில் ஒரே கழிப்பறை. அறுபத்திரண்டாம் ஆண்டு அக்டோபரில் ஜெரார்தா அங்கே குடிவந்தாள். தெற்கே லுக்கானியா மலையில் ஆடு மேய்த்தவள். புருஷன் கானியோவுக்குக் கார் தொழிற்சாலையில் வேலை. ஐந்து வயதில் ஒரே மகள், அசுந்தா.

ஜெரார்தா பேசியது அவள் ஊர்ப் பேச்சு. எங்கள் வீடுகளில் டூரின் பக்கத்துப் பியமோந்துப் பேச்சு. வானொலியில் வரும் இத்தாலிய மொழி எனக்குக் கொஞ்சம் வரும், அவளுக்கு அறவே வராது. அந்த ஒன்றை வைத்தே நான் பெரிய மனுஷியாக நடந்துகொண்டேன்.

துணி காயப்போடும்போது அவள் காதுபடவே, படித்தவள் மாதிரி இத்தாலிய மொழியில் சொல்வேன்: "இந்தத் தெக்கத்தி ஆளுங்களுக்குக் குளிக்கிற தொட்டி கட்டிக் குடுத்தா, மண்ணைக் கொட்டித் தக்காளி போட்டுருவாங்க." மற்றவர்கள் சிரிப்பார்கள். நலம் விசாரிக்கிறோம் என்று நினைத்து ஜெரார்தாவும் தலையசைத்துச் சிரிப்பாள்.

அறுபத்துநாலு பிப்ரவரியில் அசுந்தாவுக்கு வயிற்றுவலி வந்தது. கானியோ வேலைக்குப் போயிருந்தான். ஜெரார்தா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள். மேல்வயிற்றுக்கு அவள் ஊரில் 'உயிரின் வாய்' என்று பெயர். அதைத்தான் சொன்னாள். டாக்டருக்கு 'வாய்' மட்டும் புரிந்தது. திறந்து பார்த்தார், தொண்டை சிவந்திருந்தது. அவள் பிள்ளையின் நெஞ்சுக்குக் கீழே தொட்டுக் காட்டினாள். சளி என்று நினைத்து மருந்து எழுதினார். அவள் அதையே திரும்பத் திரும்பச் சொல்ல, அவர் திரும்பவும் வாயையே பார்த்தார்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது குடல்வால் வெடித்திருந்தது. பிள்ளை பிழைக்கவில்லை.

அடக்கம் முடிந்ததும் கானியோ, "ஊருக்கே போயிரலாம்" என்றான்.

"எம்புள்ள இங்க கெடக்கா. நான் எங்க வர்றது?"

ஒரு வருஷம் அவள் யாருடனும் பேசவில்லை. அறுபத்தைந்தில் ஈஸ்டர் கழிந்து ஒரு காலையில் என் கதவைத் தட்டினாள். தன் வயிற்றைத் தொட்டு, "சிஞோரா தெல்ஃபீனா, இது… பேரு?" என்றாள்.

இத்தாலியப் பெயரைச் சொன்னேன். தோள், விலா, முழங்கை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். கணுக்காலில் நான் நின்றுபோனேன். எனக்கு அதன் பியமோந்துப் பெயர்தான் தெரியும்.

"உங்களுக்குமா தெரியாது?" என்பதுபோல் பார்த்தாள். எனக்குக் கூசியது.

உடம்புக்குள் இருப்பதைக் கறிக்கடையில் படித்தாள். கடைக்காரன் பெல்த்ராமோ பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கத்தினான்:

"இது ஈரல், இது நுரையீரல், இது குடல். நீ கறி வாங்க வர்றியா, பள்ளிக்கூடத்துக்கு வர்றியா?"

"ரெண்டுக்கும்தான். ஈரல் நூறு கிராம் போடு."

மாலைப் பள்ளியில் சேர அவளுக்குத் தனியாகப் போகப் பயம். துணைக்கு என்று சொல்லிக்கொண்டு நானும் சேர்ந்தேன். ஒரே பெஞ்சு. முதல் மாதத்திலேயே எங்களுக்குள் 'நீங்க' போய் 'நீ' வந்தது. இரண்டாம் வருஷம் ஒருநாள் டிராமில் அவள் சொன்னாள்:

"தெல்ஃபீனா, தொட்டி, தக்காளி, அதெல்லாம் இப்பத்தான் புரிஞ்சுது."

"எப்பவோ சொன்னது ஜெரார்தா. மன்னிச்சிரு."

"நீ சொன்னப்ப வலிக்கல. சும்மா சத்தமா காதுல கெடந்துச்சு. போன வாரம் வகுப்புல 'தொட்டி'ன்னு வந்துச்சுல்ல? அப்பத்தான் வலிச்சுது. அப்புறம் ரெண்டு நாள் உன்கூடப் பேசல, கவனிச்சியா?"

"உனக்குத் தொண்டை கட்டியிருக்குன்னு நெனச்சேன்."

"கோவம்."

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் என் பையிலிருந்து நோட்டை உருவினாள். "நாளைக்குப் பரீட்சை. உனக்கு அந்தத் தூரத்து இறந்தகால வினை ஒண்ணும் தேறல. இந்தப் பக்கம் திரும்பு, சொல்லித் தர்றேன்." எப்பவோ நடந்து முடிந்ததைச் சொல்ல இத்தாலிய மொழியில் தனி வினை வடிவம் உண்டு; அவள் ஊர்ப் பேச்சில் அது புழக்கத்தில் இருந்தது, எங்கள் பேச்சில் இல்லை.

பரீட்சையில் என்னைவிட அவள் கூடுதலாக வாங்கினாள். பிறகு ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவுப் பணி கிடைத்தது. இருபத்தோரு வருஷம் தரை துடைத்தாள். ஆனால் தெற்கிலிருந்து வந்த தாய் ஒருத்தி டாக்டர் முன்னால் திணறுவதைக் கண்டால் போதும், வாளியை ஓரமாக வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் நிற்பாள். யாரும் அவளை அதற்கு நியமிக்கவில்லை. முதலில் விரட்டிய டாக்டர்களே பிற்பாடு ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள்.

ஒருமுறை அங்கே படுத்திருந்த என் தங்கையைப் பார்க்கப் போனபோது நானே கண்டேன். தெற்கிலிருந்து வந்த தாய் ஒருத்தி சொன்னதை ஜெரார்தா முழுக்கக் கேட்டுக்கொண்டு, டாக்டருக்கு இத்தாலிய மொழியில் சொன்னாள். பிறகு அந்தத் தாயின் பக்கம் திரும்பி, "நான் சரியாச் சொன்னேனா? வேற எங்கயாச்சும் வலிக்குதா?" என்று கேட்டாள். அந்தத் தாய் யோசித்து, இல்லை என்று சொல்லும்வரை டாக்டரைக் கதவைத் தாண்டவிடவில்லை.