அப்பா பெயர் சொன்ன மண்டபம்

பெரிய மாமா தொலைபேசியில் விசாரித்துச் சொன்ன முகவரியில் ஒரு குறை இருந்தது. குடியை விட விரும்புவோர் செவ்வாய்தோறும் மாலையில் கொட்டாஞ்சேனைத் தேவாலயம் ஒன்றின் பின்புறத்து மண்டபத்தில் கூடுவார்கள் என்றாரேயன்றி, அங்கே மண்டபங்கள் இரண்டு உண்டென்பதை அவர் அறிந்திருக்கவில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் அப்பாவின் குடியை அறியாதவர் எவருமிலர். எவரும் அறியார் என்றே அப்பா நம்பியிருந்தார். ஆகவே, கூட்டம் நகரத்தின் மறுமுனையில் இருக்கவேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. அம்மாவின் நிபந்தனை இன்னும் சுருக்கமானது: அன்று போகாவிட்டால் மறுநாள் அம்மாவும் நானும் இரத்மலானையில் பெரிய மாமா வீட்டுக்குப் போய்விடுவோம். எங்கள் உடுப்புகள் பெட்டியில் ஏறிவிட்டிருந்தன.

"குடும்பமா எங்க பயணம்?" என்று கேட்டார் கீழ்வீட்டு அன்ரி.

"அந்தோனியார் கோயிலுக்கு" என்றார் அம்மா. செவ்வாய்க்கிழமைகளில் வெள்ளவத்தைச் சைவர்களும் அங்கே மெழுகுதிரி ஏற்றப் போவது வழக்கமாதலால் ஐயத்துக்கு இடமிருக்கவில்லை.

"அப்ப எனக்கும் ஒரு திரி கொளுத்திவிடுங்கோ."

பேருந்தில் அப்பா தம் கைகளைத் தொடைகளுக்கடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். காலையிலிருந்து அவர் ஒரு துளியும் தொட்டிருக்கவில்லை. கைகள் நடுங்குவதை நான் காணக்கூடாதென்று அவ்வாறு வைத்திருந்தார். நானோ அவருக்குக் குளிர்கிறது என்று எண்ணினேன்.

தேவாலயத்தின் பின்னே, முதலிற் கண்ட மண்டபத்துக்குள் நுழைந்தோம். உள்ளே இளைஞரும் யுவதியரும் இணையிணையாக அமர்ந்திருந்தனர். இவ்வளவு இளவயதினருமா குடிக்கிறார்கள் என்று அம்மா திகைத்திருக்கவேண்டும். முன்னே நின்ற பெண்மணி மலர்ந்த முகத்துடன் எங்களை முன்வரிசையில் இருத்தினார்.

"வெக்கப்படாதீங்க. இங்க வந்திருக்கிற எல்லாரும் புதுசுதான். ஒங்க கல்யாணம் எப்ப?"

"பத்து வருசத்துக்கு முதல்" என்றார் அம்மா.

மண்டபம் ஒருகணம் என்னைப் பார்த்தது. பின்னர் கூரை அதிரச் சிரித்தது. அது, மணம் முடிக்கவிருக்கும் கத்தோலிக்கருக்குத் தேவாலயம் நடத்தும் ஆயத்த வகுப்பு. அப்பாவும் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நெடுநாளாகியிருந்தது.

அந்தச் சிரிப்பு வாயிற்படி வரைக்குந்தான் வந்தது. "இண்டைக்குச் சரிவராது போல" என்றார், தெருவைப் பார்த்தபடி. "அடுத்த கிழமை பாப்பம்."

"அடுத்த கிழமை நானும் பிள்ளையும் உங்களோட இருக்கமாட்டம்" என்றார் அம்மா.

வழி கேட்பதற்கு இருவரும் ஆயத்தமாக இல்லை. எப்படித்தான் கேட்பது? அப்பாவின் நாவில் அந்தச் சொல் எழாது. அம்மாவோ வாய் திறந்தால் அழுதுவிடுவார். எனக்கு அத்தகைய இடர் எதுவும் இல்லை. முச்சக்கரவண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் ஓடினேன்.

"மாமா, குடிக்கிற ஆக்கள் கூடுற இடம் எங்க?"

"அந்தா முக்குல பார் இருக்கு" என்று கைகாட்டியவர், பின்னால் விரைந்து வந்த அப்பாவைக் கண்டு முகஞ்சுளித்தார். "சின்னப் புள்ளய அனுப்பியா கேக்கிறது? வெக்கமா இல்லயாண்ணே?"

அப்பா மதுக்கடையைப் பார்த்தார். அதன் கதவு திறந்திருந்தது. அம்மா அவரைப் பார்த்தார்.

"அந்த இடமில்லை!" என்றேன், வண்டிக்காரருடைய அறியாமையைப் பொறுக்கமாட்டாமல். "குடிக்கிறத விடுற ஆக்கள் கூடுற இடம். எங்கட அப்பாவுக்கு."

துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் அப்பாவைப் புதிதாகப் பார்த்தார். "அதச் சொல்றதுதானே! எங்க தேடுனீங்க? கல்யாண வகுப்புலயா?"

அப்பா தலையசைத்தார்.

"எல்லாரும் மொத அங்கதாண்ணே போறது. நான் அவங்களோட ஒரு பாட்டும் பாடிட்டுத்தான் வெளிய வந்தேன். வாங்க, நானும் அங்கதான் போறேன்."

மற்ற மண்டபம் மதிலோரமாக, வேப்பமரத்தின் பின்னே ஒதுங்கியிருந்தது. உறவினரும் வரலாம் என்று வண்டிக்காரர் சொன்னதால் அம்மாவும் நானும் கடைசி வரிசையில் அமர்ந்தோம். அங்குள்ள வழக்கப்படி அவர் முதலில் எழுந்து தம் பெயரைச் சொல்லி, தாம் ஒரு குடிகாரர் என்றார். பின்னர் அப்பாவின் முறை வந்தது.

அப்பா தம்மை அறிமுகஞ்செய்யும் முறை எனக்கு மனப்பாடம். முதலில் யாழ்ப்பாணத்து ஊர், அடுத்துப் படித்த பள்ளிக்கூடம், அதன்பின் பாட்டனார் வகித்த பதவி, தாம் வகிக்கும் பதவி. பெயர் இறுதியில்தான் வரும். அன்று அவர் நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டு எழுந்து, பெயரை மட்டும் சொன்னார்.

"நானும் குடிகாரன்தான்" என்றார். அமர்ந்துவிட்டார்.

மண்டபம் முழுவதும் கைதட்டியது. வண்டிக்காரர் அப்பாவின் தோளில் ஓங்கித் தட்டினார். அம்மா கைதட்டவில்லை; இரு கைகளாலும் முகத்தை மூடியிருந்தார். எனக்கோ பெருமையும் கவலையும் ஒருங்கே வந்தன. பேச்சுப்போட்டியில் பாதியை மறந்துபோனவருக்கு முதற்பரிசு கொடுத்ததைப் போலிருந்தது.

இன்றுவரை அப்பா அந்த வெற்றியை இழக்கவில்லை; மீண்டும் ஒரு துளியும் தொடவில்லை. அன்று திரும்பும் பேருந்தில், அவருடைய பேச்சிலிருந்த குறையைத் தீர்த்துவைப்பது என் கடமை என்று கருதி, அவர் காதோடு சொன்னேன்:

"அப்பா, பயத்தில ஊரையும் பள்ளிக்கூடத்தையும் விட்டிட்டீங்கள். அடுத்த முறை மறக்காமல் எல்லாத்தையும் சொல்லுங்கோ."