சொல்லாமல் வந்தவள்

மணப்பாட்டில் திருச்செந்தூர் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன். கடற்காற்று மணலை வாரி டீக்கடைக்குள் இறைக்கிறது. கடையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். என் மகன் இங்கிலாந்தில் படிக்கிறான் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னதும் நிமிர்ந்து பார்க்கிறாள்.

"நானும் அங்கனதான் படிச்சேன்க்கா."

படிப்பு முடிந்து, அங்கேயே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. வாடகைக்கு ஓர் அறை, ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பாட்டு என்று அந்தச் சின்ன ஊர் அவளுக்குப் பழகிவிட்டது. அப்போதுதான் இங்கே அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. லீவு போட்டு ஓடி வந்தாள். அம்மா எழுந்து நடப்பதற்குள் வேலையும் போய், விசாவும் முடிந்துவிட்டது.

"வேலை போனா போவுது. அங்க ஒரு தாத்தா உண்டு. எல்லாம் மறந்துபோச்சு அவருக்கு. நான் ஊட்டினாத்தான் சாப்பிடுவாரு. சொன்னா அழுவாரேன்னு சொல்லாமலே வந்துட்டேன். சீக்கிரம் திரும்பிருவோம்னு நெனப்பு."

அங்கே கூட வேலை பார்த்தவளிடம் போனில் விசாரிப்பாளாம். தாத்தா சாப்பிடாமல் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று முதலில் சொன்னாளாம்.

"இப்ப எப்படி இருக்காரு?"

"வேற பிள்ளை வந்திருக்கு. அது ஊட்டினா நல்லா சாப்பிடுதாராம். என்னைத் தேடுததே இல்லியாம்."

"நல்லதுதானேம்மா."

"எல்லாரும் அப்படித்தான்க்கா சொல்லுதாங்க" என்றபடி, பக்கத்தில் நிற்பவருக்கு டீ ஆற்றத் தொடங்குகிறாள்.