கடல் ஏறிய கல்பாதை

நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். இது உதுமானுக்கு நடந்தது. அவனோடு ஒரே கூரையின் கீழ் படுத்தவர்கள் இன்றைக்கும் பம்பாய் தாராவியில் இருக்கிறார்கள். கேட்டால் எல்லாம் சொல்வார்கள், இது நடந்த பள்ளிவாசலின் பெயரை மட்டும் சொல்ல மாட்டார்கள். நல்ல இடம், அதன் மேல் பழி விழக்கூடாது என்பார்கள்.

வருடம் 1965. கடையநல்லூர்க்காரர்கள் சேர்ந்து வாடகைக்குப் பிடித்த நீளமான தகரக் கொட்டகை ஒன்று தாராவியில் இருந்தது. பேருக்கு ஹாஸ்டல். ராத்திரி வேலைக்காரன் எழுந்த பாயில் பகல் வேலைக்காரன் வந்து விழுவான். உதுமானுக்குத் தோல் பட்டறையில் வேலை. அந்த மாதம் ஆள் குறைவு என்று பகலும் அவனே, ராவும் அவனே. சுண்ணாம்புத் தொட்டியில் தோலைப் புரட்டிப் புரட்டிக் கை வெந்துபோயிருந்தது. நிற்கிற இடத்திலேயே கண் சொருகும். யாராவது தட்டினால் மறுபடி வேலை.

ஊரில் அவன் மனைவி ராபியாவுக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. இதுவாவது நிற்கவேண்டும் என்று பள்ளிவாசலில் துஆ கேட்க ஆசைப்பட்டான். கிடைத்த ஒரே ஓய்வு நாளில் தூங்காமல் கிளம்பினான். அதே பட்டறையில் வேலை பார்க்கும் சிராஜும் கூட வந்தார். அவனுக்கு மூத்தவர். அவரும் அதே அலுப்பில்தான் இருந்தார். ரயிலில் இருவரும் கம்பியைப் பிடித்தபடியே கண் அசந்தார்கள்.

பள்ளிவாசல் கடலுக்குள் ஒரு பாறைத் திட்டில் இருக்கிறது. கரையிலிருந்து கல்பாதை போகும். கடல் ஏறினால் பாதை முங்கிவிடும், இறங்கினால் தெரியும். சாயங்காலத் தொழுகையான அஸர் தொழுதார்கள். உதுமான் கையேந்தி, கேட்க வேண்டியதைக் கேட்டான். கேட்டு முடித்ததும் உடம்பு விட்டுப்போனது. தூணில் சாய்ந்தான்.

"கடல் ஏறுததுக்குள்ள கரைக்குப் போயிரணும்லே," என்றார் சிராஜ்.

"நீங்க போயி டீ சொல்லுங்கண்ணே. இந்தா வாரேன்."

சிராஜ் போனார். உதுமான் தூங்கிப்போனான்.

யாரோ தோளைத் தொட்டார்கள். விழித்தான். வெயில் மஞ்சளாகியிருந்தது. சுற்றிலும் ஒருவரும் இல்லை. எதிரே வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஆள். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. மழை பெய்யவில்லை.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"கடையநல்லூரு."

"நானும் அந்தப் பக்கந்தான். வாங்க, கொண்டு விடுதேன்."

பம்பாயில் சொந்த ஊர்ப் பேச்சு காதில் விழுந்தால் யாருக்கும் கால் எழும்பிவிடும். உதுமான் எழுந்தான். கல்பாதையில் ஏற்கெனவே கணுக்கால் தண்ணீர். அந்த ஆள் கை நீட்டினார், உதுமான் பிடித்துக்கொண்டான். ஊறப்போட்ட தோல் மாதிரி இருந்தது அந்தக் கை. கொழகொழவென்று... உள்ளே எலும்பே இல்லாத மாதிரி. தொட்டியில் தினமும் தொடுகிற அதே பதம்.

விட நினைத்தான். விடத் தெம்பில்லை.

சளக்... சளக்... அவன் கால் சத்தம் கேட்டது. ஒருவன் நடக்கிற சத்தம்தான் கேட்டது.

"ரொம்ப அலுப்போ?"

"ஆமா."

"எத்தன நாளாத் தூங்கல?"

"தெரியல."

நடந்தார்கள். கரையில் டீக்கடை தெரிந்தது. எவ்வளவு நடந்தும் அது அதே தூரத்தில்தான் இருந்தது. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. குளிரவில்லை. வெதுவெதுவென்று, யாரோ படுத்து எழுந்த பாய் போல இருந்தது.

அலைச் சத்தம் நின்றுபோனது.

"இப்படி உக்காருங்க தம்பி. செத்த நேரம் தூங்குங்க."

"கரைக்குப் போவணும்..."

"போயி? திரும்ப வேலைக்கா?"

உதுமானுக்கு ராபியா நினைவு வந்தது. வயிற்றுப் பிள்ளை நினைவு வந்தது. எல்லாம் வேறு யாருடைய கவலையோ போல எங்கோ தள்ளி நின்றது. தூக்கம் ஒன்றுதான் பக்கத்தில் இருந்தது.

உட்கார்ந்தான்.

தண்ணீர் கழுத்துக்கு வந்தது.

"நான் எழுப்புதேன்... தூங்குங்க..."

வாயில் உப்பு.

பிறகு...

யாரோ சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார்கள். சிராஜ். சிராஜின் இடுப்பைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தபடி இளநீர் விற்கும் மராட்டியக் கிழவர். மூவரும் விழுந்து புரண்டு கரைக்கு வந்தார்கள். உதுமான் தண்ணீரைக் கக்கினான். திரும்பிப் பார்த்தான். கல்பாதை முங்கியிருந்தது.

"எங்கூட வந்தவரு?"

சிராஜ் கிழவரிடம் இந்தியில் கேட்டார். கிழவர் இல்லையென்று தலையை ஆட்டி, ஒற்றை விரலைக் காட்டினார். பாதையில் ஒருவன்தான் வந்தானாம்.

ஹாஸ்டலில் உதுமானுக்கு மூன்று நாள் காய்ச்சல். தெளிந்ததும் பழையபடி பட்டறைக்குப் போனான். ஆனால் சிராஜுக்கு வேலை வைக்கவில்லை. அவர் பங்குத் தோலையும் தானே புரட்டினான், அவர் துணியையும் துவைத்தான். உயிர் கொடுத்த மனுஷன் இல்லையா. கடல் பக்கம் போகிற பஸ்ஸில்கூட சிராஜ் ஏறுவதை நிறுத்தியிருந்தார்.

ரம்ஜானுக்கு முன்னால் ஊரிலிருந்து தந்தி வந்தது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். உதுமான் ஹாஸ்டல் முழுக்க ஜிலேபி கொடுத்தான். முதல் துண்டைச் சிராஜிடம் நீட்டியபோது அழுதுவிட்டான்.

"அன்னைக்கு நீங்க மட்டும் காப்பாத்த வரலைன்னா, எம்மவ மொகத்த நான் பாத்திருக்க முடியுமாண்ணே?"

சிராஜ் ஜிலேபியை வாங்கவில்லை. பாயில் போய் உட்கார்ந்தார்.

"காப்பாத்தவா வந்தேன்னு நெனச்சே?"

"பின்ன?"

"நீ தண்ணிக்குள்ள கெடந்ததே எனக்குத் தெரியாது. எங்கால்ல தட்டுப்பட்ட பெறவுதான் தெரியும். கெழவன் என்னப் புடிச்சு நிறுத்தத்தான் பின்னாலயே ஓடி வந்தான்."

"அப்ப எதுக்குண்ணே கடல்ல எறங்குனீங்க?"

சிராஜ் நிமிர்ந்து பார்த்தார்.

"நீ கூப்பிட்டே. உங்கொரல்தான். 'அலுப்பா இருக்குல்லா, வாங்கண்ணே, இங்க ரெண்டு பேருக்கு எடம் இருக்கு'ன்னு."

அன்றைக்குத் தண்ணீருக்குள்ளிருந்து உதுமான் யாரையும் கூப்பிடவே இல்லை.