சோல்வர் தந்த பூச்சியம்

எங்கள் ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக்கு நான் செயலாளர். கணினி தெரியும் என்ற ஒரே தகுதியால் அந்தப் பதவி என் தலையில் விழுந்தது. அந்த ஆண்டு மழை பொய்த்துக் குளம் பாதிதான் நிரம்பியது. குளத்து நீரை நம்பிச் செய்யும் சிறுபோகத்தில் யார் எவ்வளவு விதைப்பது என்று வாய்ச்சண்டை பிடிக்கத் தேவையில்லை, எக்செலில் கட்டுப்பாடுகளைக் கொடுத்தால் சிறந்த விடையைத் தேடித்தரும் சோல்வர் இருக்கிறது என்று பெருமையடித்தேன்.

ஒவ்வொரு வயலின் ஏக்கரையும், வாய்க்கால் வழியில் சுவறிப்போகும் தண்ணீரையும் நிரப்பினேன். குளத்து நீரைத் தாண்டக்கூடாது, மொத்த விதைப்பு ஆகக் கூடுதலாக வரவேண்டும். பொத்தானைத் தட்டியதும் விடை வந்தது. குளத்து மதகை ஒட்டிய மதகடி வயல்களுக்கு முழு ஏக்கரும். வாய்க்கால் கடைசி வயல்களுக்குப் பூச்சியம். எங்கள் வயல் மதகடியில். அதனால்தானோ என்னவோ பிழை கண்ணில் படவில்லை.

கூட்டத்தில் அச்சடித்த தாளைக் கண்டதும் கைகள் மளமளவென்று உயர்ந்தன. கடைசி வயல்காரரில் மற்றவர்களுக்கு வேறு தொழில் இருந்தது. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்து அக்கா ஒருவருக்கு அந்த வயல் மட்டும்தான். கணவரும் இல்லை.

“அப்ப எனக்கு ஒண்டுமே இல்லையா தங்கச்சி?”

“இது நானாப் போட்டது இல்லை அக்கா, கணக்கு அப்பிடித்தான் வருது.”

வெட்கங்கெட்ட பதில். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

ஒரு கிழமை கழித்து, முழங்கால் வலியால் கூட்டத்துக்கு வராத அப்பா கேட்டார்: “இந்தமுறை எங்கட வயலில ஆருக்குத் துண்டு குடுத்திருக்கிறாய்?”

தண்ணீர் குறைந்த ஆண்டில் மதகடி வயல்களை எல்லாக் குடும்பங்களுக்கும் துண்டு பிரித்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். எந்தப் பதிவேட்டிலும் அது இல்லை. என் தாளிலும் இல்லை. ஊர் மறந்ததோ, மறந்ததுபோல இருந்ததோ. குடும்பத்துக்கு மதகடியில் அரை ஏக்கராவது என்று ஒரு வரி சேர்த்தேன். சோல்வர் மறுப்பேதும் சொல்லாமல் புது விடை தந்தது. அமைப்புத் தலைவரும் ஒத்துக்கொண்டார். தாளோடு ஓடினேன்.

அக்காவின் முற்றத்துப் பாயில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. அவித்த நெல்.

“விதை நெல்தான். வச்சு என்ன செய்யிறது, சோத்துக்கெண்டு அவிச்சிட்டன்.”

“எங்கட விதை நெல்லில தாறன் அக்கா.”

“வேண்டாம். வவுனியாவில ஒரு வீட்டு வேலைக்கு வரச் சொல்லியிருக்கினம். திங்கட்கிழமை பிள்ளையளோட போறன்.” நெல்லைக் காலால் கிளறியபடி சொன்னார்: “எல்லாருமாக் கை உயர்த்தின பிறகு இஞ்ச நான் ஆரோட இருக்கிறது?”

அன்று உயர்ந்த கைகளில் என்னுடையதும் ஒன்று.