நான் பார்க்காத கைகள்

மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து மீனா வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். அவள் புது பீரோ வாங்கிய நாளிலிருந்து அந்தச் சுவரைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

ஒரு நாள் காலையில் அவள் வீட்டைச் சோதனை போட போலீஸ் வந்தது. அவள் கணவர் வேலை செய்யும் கிடங்கில் ஏலக்காய் காணாமல் போயிருந்ததாம். மீனா வாசலை மறித்து நின்றாள்.

"அக்கம்பக்கத்துல ரெண்டு பேர் சாட்சி வேணும் சார். இந்த அக்காவும் எதிர்க்கடை சேட்டனும் வரட்டும்."

பிறகு என் காதருகே வந்தாள். "அவங்க கையையே பாருங்க அக்கா. எதையாவது வெச்சிட்டு இங்கே எடுத்தோம்னு சொல்லிடக் கூடாது."

நாலு பேர் நின்றாலே ஒதுங்கிப் போகும் நான், அன்று முந்திக்கொண்டு உள்ளே போனேன். பீரோவைத் திறந்தார்கள். என் கண் போலீஸ்காரர் கையில் நிற்கவில்லை. அது பட்டுச்சேலைகளை எண்ணியது. ஏழு இருந்தன. என்னிடம் இரண்டுதான். ஏலக்காய் கிடைத்தால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தேன்.

எதுவும் கிடைக்கவில்லை. சோதனையை நேரில் பார்த்ததாக எழுதிய காகிதத்தை எஸ்.ஐ. நீட்டினார்.

"சேச்சி, எல்லாம் நேரில் கண்டதல்லே?"

"கண்டேன்" என்று கையெழுத்துப் போட்டேன். அங்கே யாராவது ஒரு பொட்டலத்தை வைத்திருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பேன்.

அவர்கள் போனதும் மீனா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"கண்ணெடுக்காம பார்த்தீங்களே அக்கா, அதான் எனக்குத் தைரியமா இருந்துச்சு."

கண்ணெடுக்காமல்தான் பார்த்தேன். எதை என்று இன்றுவரை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.