புது பில்டரும் கூடுதல் ஒயிலும்

என் த்ரீவீல் ஆட்டோவுக்கு ஒயில் பில்டர் மாற்றும் வேலையை நான் யாரிடமும் விடுவதில்லை. டயகமவிலிருந்து அட்டன் வரைக்கும் எத்தனை கராஜ் இருந்தாலும், என் இஞ்சினில் இன்னொருவன் ஸ்பேனர் வைப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. "அவருக்கு நான் இரண்டாந்தாரம், வண்டிதான் மூத்தவ" என்று என் மனைவி எங்கள் தோட்ட லயத்தில் அடுத்தடுத்த வீட்டுப் பெண்களிடம் சொல்லிச் சிரிப்பாள். அதில் பாதி உண்மை என்பதால் நான் மறுத்துப் பேசுவதில்லை.

அந்த முறை ஒயில் மாற்றியது அவளுக்காக. அடுத்த நாள் அட்டனில் அவளுக்கு லைசன்ஸுக்கு வண்டி ஓட்டிக் காட்டும் ட்ரயல். லைசன்ஸ் கிடைத்தால் லயத்துப் பிள்ளைகள் நாலு பேரைக் காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடும் வேலை அவளுக்குத்தான் என்று பெற்றோர்கள் பேசி வைத்திருந்தார்கள். பதினெட்டு வயதில் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போனவள். மலையில் ஏறி இறங்கியே முழங்கால் இரண்டும் போய்விட்டன. இந்த ட்ரயலில் பாஸ் பண்ணினால் கூடையை இறக்கி வைத்துவிடலாம். ஃபெயிலானால் அந்தப் பிள்ளைகளை வேறு வண்டி ஏற்றிக்கொள்ளும். பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம்தான் இருந்தது.

பில்டர் வாங்க இருவரும் தலவாக்கலைக்குப் போனோம். எனக்குப் பழக்கமான முஸ்லிம் நானா ஒருவரின் கடை. அவர் மேசையில் இரண்டு பில்டரை எடுத்து வைத்தார். இரண்டுக்கும் ஒரே உருவம், ஒரே மஞ்சள் காகித மடிப்பு. ஒன்று மட்டும் ஒரு நூல் அளவு கட்டை.

"எது தம்பி ஒங்கட வண்டிக்கு?" என்றார் நானா.

"இதுதான்" என்று கட்டையானதைத் தொட்டேன். எனக்குத் தெரியாதா?

மனைவி பர்ஸைத் திறந்து ஒரு அட்டைத் துண்டை எடுத்தாள். போன தடவை வாங்கிய பெட்டியின் பக்கத்தை வெட்டி வைத்திருந்தாள். அதிலிருந்த நம்பரை நானா பார்த்தார், மற்றதை என் பக்கம் தள்ளினார். கட்டையானது பழைய மாடலுக்காம். போட்டால் உள்ளே உட்காரும், ஆனால் ஒயில் வடிபடாமல் ஓரத்தால் ஓடிவிடுமாம். நானா இதையெல்லாம் அவளைப் பார்த்தே விளக்கினார். நான் கடைக்கு வெளியே போய் நின்றேன்.

எங்கள் தோட்டத்தில் சமதரை என்றால் பெரட்டுக்களம் ஒன்றுதான், காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் இடம். மற்றதெல்லாம் மேடு, இல்லாவிட்டால் பள்ளம். அதனால் இங்கே ஒயில் மாற்றுகிறவர்கள் எல்லாரும் லயத்துக்கு முன்னால் இருக்கும் ஏற்றத்தில், முகம் மேட்டைப் பார்க்க வண்டியை நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுப்போம். இஞ்சின் பின்னால் இருப்பதால் பழைய ஒயில் கடைசிச் சொட்டு வரைக்கும் வடிந்துவிடும். புதியதை ஊற்றிய பிறகு பெரட்டுக்களத்துக்கு உருட்டிக்கொண்டு போய் ஒயில் குச்சியை உள்ளே விட்டு அளவு பார்ப்போம். சரிவில் அளவு பார்த்தால் குச்சி பொய் சொல்லும். இது இங்கே எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்றைக்குப் பழைய ஒயிலை வடித்தேன். மூடியைக் கழற்றிக் கறுத்துப்போன பில்டரை எடுத்தேன். இருந்த இடத்தைத் துடைத்துப் புதியதை வைத்து, ரப்பர் வளையத்தில் ஒரு விரல் ஒயில் தடவி மூடினேன். கை அதன் பாட்டுக்கு வேலை செய்தது. போத்தலை ஊற்றி முடிக்கும்போது தூறல் விழத் தொடங்கியது.

"ஏங்க, பெரட்டுக்களத்துக்குக் கொண்டு போயிப் பாருங்க" என்று வாசலில் நின்று சொன்னாள்.

தலவாக்கலைக் கோபம் இன்னும் அடங்கவில்லை. "நீ வண்டிய ஓட்டு. ஒயில நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

நின்ற இடத்திலேயே குச்சியை விட்டேன். ஒயில் பின்பக்கம் ஒதுங்கிக் கிடந்ததால் குச்சி குறைவாகக் காட்டியது. வீட்டில் கிடந்த பாதிப் போத்தலையும் எடுத்து ஊற்றினேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போனாள்.

காலையில் ஆறு மணிக்குக் கிளம்பினோம். நான் ஓட்டினேன். அக்கரப்பத்தனை தாண்டியதும் இஞ்சின் மூச்சு வாங்குவது போலிருந்தது. பனிக் குளிர் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். தலவாக்கலைக்குப் பிறகு கண்ணாடியில் பின்னால் வந்த பஸ்ஸைக் காணவில்லை. எங்கள் புகை அதை மறைத்திருந்தது. பஸ் எங்களை முந்தும்போது கண்டக்டர் தலையை நீட்டி, "அண்ணே, நுளம்புக்குப் புகையடிக்கிறீங்களா?" என்று கத்தினான். கொசு மருந்து வண்டியைக் கண்டது போல் பஸ்ஸே சிரித்தது. நான் அவனை என்ன திட்டினேன் என்பதை இங்கே எழுத முடியாது.

கொட்டகலைக் கடைவீதியில் கொஞ்சம் சமமான இடம் பார்த்து நிறுத்தினேன். சிறிது நேரம் ஆறவிட்டுக் குச்சியைத் துடைத்து, உள்ளே விட்டு எடுத்தேன். மேல் கோட்டையும் தாண்டி இரண்டு விரல் அளவுக்கு ஒயில் ஏறியிருந்தது. நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள். மணி எட்டேகால். ஒன்பது மணிக்கு அட்டனில் இருக்க வேண்டும்.

"நான் நேத்தே சொன்னேனே" என்று அவள் கேட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசி ஆறியிருப்பேன். அவள் கேட்கவில்லை. பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்குப் போய் ஒரு வெறும் பால்மா டின்னை வாங்கி வந்தாள். நான் மல்லாந்து படுத்து அடியிலுள்ள போல்டைத் தளர்த்தினேன். கொதிக்கும் ஒயில் விரலில் பட்டது. கத்தக்கூட எனக்குத் தகுதியில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் குச்சியை விட்டு விட்டுப் பார்த்து, "இன்னும்... இன்னும் கொஞ்சம்... போதும், பூட்டுங்க" என்றாள். ட்ரயலுக்கென்று உடுத்திய புதுச் சுடிதாரின் கையில் கறுப்பாக ஒரு தீற்றல். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. வண்டி கெட்டால் நான் திருத்துவேன். இவளுடைய இந்த ஒரு காலையை நான் கெடுத்துவிட்டால் எந்தக் கராஜில் கொண்டுபோய்த் திருத்துவது?

ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கப் போய்ச் சேர்ந்தோம்.

அவள் முறை வந்தது. நான் வேலியோரம் நின்றேன். அவள் ஸ்டார்ட் செய்ததும் புகைக்குழாயில் மிச்சமிருந்த புகை குப்பென்று வந்தது. சோதிக்க வந்திருந்த அதிகாரி, சிங்கள மாத்தயா ஒருவர், காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, என்ன இது என்று சிங்களத்தில் கேட்டார். வண்டி சரியில்லை என்று திருப்பி அனுப்பினால் எல்லாம் முடிந்தது.

அவள் பதறவில்லை. "என் வீட்டுக்காரர் நேற்று ஒயில் மாற்றினார் சேர். கொஞ்சம் கூட ஊற்றிவிட்டார். வரும் வழியில் வடித்துவிட்டோம். இப்போது அளவு சரி, குழாயில் தங்கியதுதான் எரிகிறது" என்று நல்ல சிங்களத்தில், அங்கே நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னாள். மாத்தயா வேலியோரம் திரும்பி, எந்த வீட்டுக்காரர் என்று தேடினார். என் சட்டை அழுக்கே காட்டிக் கொடுத்தது. அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது? இருபது வருடமாக வண்டி ஓட்டிச் சேர்த்த என் மானம் அங்கே போனது. போனால் போகட்டும்.

புகை ஓய்ந்ததும் மாத்தயா ஓட்டச் சொல்லிக் கை காட்டினார். கோடுகளுக்கு நடுவே வண்டியைப் பின்னுக்கு எடுத்து, ஒரே மூச்சில் கொண்டுபோய் நிறுத்தினாள். நான் அவ்வளவு நேராக எடுத்ததில்லை. பாஸ் என்று சொன்னதும் என்னிடம் ஓடி வருவாள் என்று பார்த்தால், வண்டியிலேயே உட்கார்ந்து துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கிட்டே போனேன். "ஒயில் விஷயத்துல நீ சொன்னதுதான் சரி" என்றேன். கல்யாணம் ஆகி இத்தனை வருடத்தில் வண்டி விஷயத்தில் நான் தோல்வியை ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. "தெரியும்" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

பள்ளிக்கூடம் திறந்த அன்று பெரட்டுக்கு எழும்பும் நேரத்துக்கே பழக்கத்தில் எழுந்துவிட்டாள். தேத்தண்ணி ஊற்றி என் தலைமாட்டில் வைத்தாள். வெளியே பிள்ளைகள் முன்சீட்டுக்கு அடித்துக்கொண்டார்கள். முன்சீட்டே இல்லாத வண்டிக்கு என்ன சண்டையோ தெரியவில்லை, அவள் அதட்டியதும் அடங்கிவிட்டார்கள். இஞ்சின் சத்தம் எடுத்தது. எழுந்து போய்ப் பார்க்கலாமா என்று நினைத்தேன், போர்வையை விட்டு வெளியே வரவில்லை. முதல் வளைவு, இரண்டாவது வளைவு, பிறகு பாலத்தில் கியர் மாற்றும் சத்தம். நான் இல்லாமல் என் வண்டி போவதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். கொஞ்சம் பொறாமையாக இருந்தது. கியரைச் சரியான இடத்தில்தான் மாற்றினாள்.